'டிஸ்கவரி' ஆல்பத்தின் பாணியில் ஒரு லூப்: தொடங்குபவர்களுக்கான செய்முறை

டாஃப்ட் பங்க் என்ற மின்னணு நடன இசைக்குழு (2021இல் பிரிந்துவிட்டது) இரண்டே பேர்: தோமா பாங்கால்தேர், கி-மனுவேல் தெ ஓமெம்-கிறிஸ்தோ. பாரிஸ்காரர்கள். 2001இல் வந்த 'டிஸ்கவரி' அவர்களுடைய இரண்டாவது ஸ்டூடியோ ஆல்பம். மொத்தம் 14 பாடல்கள். அதில் பல பாடல்கள் பழைய டிஸ்கோ, ஃபங்க் இசைத்தட்டுகளிலிருந்து வெட்டிய சின்னத் துண்டுகளின் மேல் நிற்பவை. 'ஹார்டர், பெட்டர், ஃபாஸ்டர், ஸ்ட்ராங்கர்' எட்வின் பேர்ட்சாங்கின் 1979 பாட்டு ஒன்றிலிருந்து பிறந்தது. 'டிஜிட்டல் லவ்' அதே ஆண்டில் வந்த ஜார்ஜ் டியூக்கின் பாட்டிலிருந்து.

புதிதாக இசை செய்பவர்கள் டிராக் மேல் டிராக்காக அடுக்கிக்கொண்டே போவார்கள். இந்த ஆல்பத்திடம் கற்க வேண்டியது அதற்கு நேர்மாறான பழக்கம்: கொஞ்சமாக எடுத்துக்கொள்வது, அதையே நெடுநேரம் சலிக்காமல் ஓட்டுவது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்கான பயிற்சிதான்: முடிவில் கையில் ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் சின்ன இசைத்துண்டு, இருக்கும்.

முதலில் கேளுங்கள். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு இந்த ஆல்பத்தின் 'ஒன் மோர் டைம்' பாட்டின் ஆரம்பத்தை நான்கைந்து முறை கேளுங்கள். அந்தப் பித்தளை ஊதுகருவிகளின் சத்தம் முதலில் அமுங்கி வரும், கல்யாண மண்டபத்துக்கு வெளியே ரோட்டில் நின்று கேட்பது மாதிரி. அப்புறம் கதவு திறந்ததுபோல் முழுதாகக் கேட்கும். வாசிப்பு மாறவே இல்லை, ஃபில்டர் (ஒலியின் ஒரு பகுதியை மறைக்கும் கருவி) மட்டும்தான் நகர்ந்தது.

மென்பொருள். மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட், விண்டோஸ் அல்லது லினக்ஸ் என்றால் எல்எம்எம்எஸ். துண்டு வெட்ட ஆடாசிட்டி. மூன்றுமே இலவசம்.

படி 1: தாளம். வேகத்தை 123 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை பீட், அதாவது தாள அடி) என்று வையுங்கள். 'ஒன் மோர் டைம்' ஓடுவதும் அந்த வேகத்தில்தான். ஒரு பாரை (நான்கு பீட் கொண்ட ஒரு சுற்று) 16 கட்டங்களாகப் பிரித்தால் கிக் (டிரம்ஸின் கனமான அடி) 1, 5, 9, 13இல். கிளாப் (கைதட்டல் ஒலி) 5, 13இல். திறந்த ஹை-ஹேட் (டிரம்ஸின் ஜோடித் தட்டு தரும் 'ட்ஸ்' ஒலி) 3, 7, 11, 15இல். தாளம் இவ்வளவே. மேற்கொண்டு எதையும் சேர்க்காதீர்கள்.

படி 2: மூலப்பொருள். அடுத்தவர் பாட்டை வெட்டி வெளியிட அனுமதி வாங்க வேண்டும். எனவே சொந்தமாக வாசித்துவிடுவோம். எலக்ட்ரிக் பியானோ ஒலியில் நான்கு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்): எஃப் மேஜர் 7, ஈ மைனர் 7, டி மைனர் 7, ஏ மைனர் 7. எல்லாமே வெள்ளைக் கட்டைகள்தான், பயப்பட வேண்டாம். ஒவ்வொன்றும் இரண்டு பீட், மொத்தம் இரண்டு பார். கையால் வாசியுங்கள். கொஞ்சம் முன்பின்னாக விழுந்தால் அப்படியே விடுங்கள், அந்த நெளிவு பின்னால் உதவும்.

ஒரு முக்கியமான விஷயம்: இதை மட்டும் 110 பிபிஎம்மில் பதிவு செய்யுங்கள். பிறகு ஆடாசிட்டியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் எஃபெக்டில் 11.8 சதவீதம் கூட்டுங்கள். வேகம் 123 ஆகிவிடும், சுருதியும் கிட்டத்தட்ட இரண்டு அரைச்சுரம் ஏறும். இசைத்தட்டை வேகமாகச் சுற்றினால் வருகிற அந்த மெலிந்த, பளிச்சென்ற குரல் இப்போது உங்கள் பியானோவுக்கும் வந்திருக்கும்.

படி 3: வெட்டு. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது, இங்கே அவசரப்படாதீர்கள். கார்டு தொடங்கும் இடத்தில் சரியாக வெட்டினால் லூப் தட்டையாக இருக்கும். மூன்றாவது கார்டு தொடங்குவதற்கு அரை பீட் முன்பே கத்தியை வையுங்கள். அங்கிருந்து இரண்டு பீட் நீளம், அதாவது 0.98 விநாடி. இதைப் பாரின் முதல் பீட்டில் வைத்து ஓட்டினால், இரண்டாவது கார்டின் வால் கிக்கோடு சேர்ந்து விழும். புதிய கார்டு ஹை-ஹேட்டோடு வந்து இறங்கும். கால் தானாக ஆடும்.

அதே துண்டை மூன்று முறை அடுத்தடுத்து வையுங்கள். நான்காவது இடத்தில் முதல் கார்டிலிருந்து வெட்டிய வேறொரு துண்டு. இரண்டு பார் லூப் தயார். இணைப்பில் 'டிக்' என்று சத்தம் வந்தால் ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் 5 மில்லிவிநாடி ஃபேட் (சத்தம் மெல்ல ஏறுவது, இறங்குவது) கொடுங்கள்.

இன்னும் பொடிப்பொடியாக வெட்டினால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமா? டாட் எட்வர்ட்ஸ் சேர்ந்து உருவாக்கி, பாடியும் இருக்கிற, இதே ஆல்பத்தின் 'ஃபேஸ் டு ஃபேஸ்' கேளுங்கள்.

படி 4: ஃபில்டர். லூப்பின் மேல் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் போடுங்கள். குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேலே உள்ளதை அது மறைத்துவிடும். 300 ஹெர்ட்ஸில் தொடங்கி 16 பாருக்குள் 10,000 ஹெர்ட்ஸ் வரை ஏற்ற ஆட்டோமேஷன் (அமைப்பைத் தானாக நகர்த்தும் கோடு) வரையுங்கள். இங்கேதான் பலருக்குச் சறுக்கும். ஹெர்ட்ஸ் கணக்கில் நேர்கோடாக ஏற்றினால் மூன்று நான்கு பாரிலேயே எல்லாம் திறந்துவிட்டதுபோல் கேட்கும், மீதி நேரம் வீண். நம் காது இரட்டிப்பாகத்தான் எண்ணும்: 300, 600, 1,200, 2,400. அதனால் கோடு மெதுவாகத் தொடங்கி, கடைசியில் சட்டென்று ஏறட்டும். ரெசொனன்ஸ் (ஃபில்டர் வெட்டும் இடத்தருகே ஒலியைத் தூக்கும் அமைப்பு) கொஞ்சம் போதும். கூடினால் விசிலடிக்கும்.

படி 5: மூச்சு. ஒவ்வொரு கிக் விழும்போதும் லூப்பின் சத்தம் தணிந்து, அடுத்த அரை பீட்டுக்குள் மேலே வர வேண்டும். சைட்செயின் கம்ப்ரஸர் (கிக் விழும்போது லூப்பைத் தானாகத் தணிக்கும் கருவி) இருந்தால் அது. இல்லையென்றால் வால்யூம் ஆட்டோமேஷனில் 8 டெசிபல் பள்ளம் ஒன்றை வரைந்து எல்லா பீட்டுக்கும் நகலெடுங்கள். வேலை ஒன்றுதான்.

படி 6: கிக்கை நிறுத்துங்கள். ஃபில்டர் முழுதாகத் திறந்து 16 பார் ஓடியதும் தாளத்தை மொத்தமாக எடுத்துவிடுங்கள். 'ஒன் மோர் டைம்' நடுவில் கிக் நெடுநேரம் காணாமல் போகும், பாடகர் ரோமந்தோனியின் குரல் மட்டும் தாங்கி நிற்கும். ஒரு நடனப் பாட்டில் அவ்வளவு நேரம் பொறுத்திருக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நீங்கள் 8 பார் பொறுங்கள் போதும். அந்த 8 பாரில் ஃபில்டரை மறுபடி 300க்கு இறக்கி மெல்ல ஏற்றுங்கள். ஒன்பதாவது பாரின் முதல் பீட்டில் கிக், கிளாப், ஹை-ஹேட் மூன்றையும் ஒன்றாக விடுங்கள்.