ஐஐஎம் நேர்முகத் தேர்வுக்கு என்ன உடுத்துவது?

நவம்பரில் எம்பிஏ நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வந்து, ஐஐஎம் (இந்திய மேலாண்மைக் கழகம்) ஒன்றிலிருந்து இன்டர்வியூ கடிதமும் கிடைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிப்பு நெருக்கும் நேரத்தில் உடை விஷயம் கடைசி இரவுக்குத் தள்ளிப்போய்விடும். ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். எதிரில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து 20 நிமிடம் கேள்வி கேட்கும்போது, உங்கள் உடை அவர்கள் கவனத்தையும் இழுக்கக் கூடாது, உங்களையும் உறுத்தக் கூடாது. என்னைப் பொறுத்தவரை அவ்வளவுதான் அளவுகோல்.

1. கடிதத்தை முழுதாகப் படியுங்கள்

எந்த ஊர், எத்தனை மணி, நேரிலா ஆன்லைனிலா என்று பாருங்கள். பல ஐஐஎம்களில் அன்றைக்கே ஒரு சிறு கட்டுரையும் எழுத வேண்டியிருக்கும். சான்றிதழ் சரிபார்ப்பு, காத்திருப்பு எல்லாம் சேர்ந்தால் அரை நாள்கூட ஆகலாம். பிப்ரவரி காலையில் டெல்லியில் குளிரும், மார்ச் மாதச் சென்னையில் வியர்க்கும். டெல்லிக்கு பிளேசர் உதவும். சென்னையில் அது இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இருந்தால் கையில் எடுத்துப்போய் உள்ளே போனபின் போட்டுக்கொள்ளுங்கள்.

2. உடையைத் தேர்ந்தெடுங்கள்

ஆண்களுக்கு வெள்ளை அல்லது வெளிர்நீல முழுக்கைச் சட்டை, கருநீல அல்லது கரும் சாம்பல் நிற பேன்ட். சட்டையை இன் பண்ணி, ஷூவின் நிறத்திலேயே பெல்ட். டை கட்டுவது உங்கள் விருப்பம்.

பெண்களுக்கு சுடிதார், சேலை, பேன்ட் சட்டை மூன்றுமே சரிதான். சேலை கட்டிப் பழக்கமில்லாதவர்கள் அன்றைக்கென்று புதிதாகக் கட்ட வேண்டாம். கஞ்சி போட்ட பருத்திச் சேலை பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் முன் கொசுவம் முழுக்கக் கசங்கியிருக்கும். அதிகம் கசங்காத துணியாக எடுங்கள். முந்தானையையோ துப்பட்டாவையோ தோளில் ஊக்கு குத்திவிட்டால் கை அடிக்கடி அங்கே போகாது. மேசையில் இடித்துச் சத்தம் போடும் வளையல் வேண்டாம்.

விபூதி, குங்குமம், ஹிஜாப், தலைப்பாகை எதுவானாலும் தினமும் எப்படி இருப்பீர்களோ அப்படியே போங்கள். அதை மாற்றச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

3. உட்கார்ந்து பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கண்ணாடி முன் நின்று பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். முழு உடையும் போட்டுக்கொண்டு, கைப்பிடி இல்லாத நாற்காலியில் கால்மணி நேரம் உட்காருங்கள். வயிற்றருகே இரண்டு பட்டன்களுக்கு நடுவே சட்டை வாய் திறக்கிறதா? பேன்ட் மேலேறி, குட்டையான சாக்ஸுக்கு மேல் கால் தெரிகிறதா? கழுத்துப் பட்டனைப் போட்டபின் இரண்டு விரல் உள்ளே போகிறதா? சட்டையின் தோள் தையல் தோள் முடியும் இடத்தில் நிற்க வேண்டும். பேன்டின் இடுப்பைப் பிடிப்பதும் நீளத்தைக் குறைப்பதும் டெய்லருக்குச் சின்ன வேலை. தோள் மட்டும் தொளதொளவென்று இருந்தால் வேறு சட்டை பாருங்கள், அதைச் சரிசெய்வது கடினம். அளவு சரியாக இருக்கும் பழைய சட்டை, பொருந்தாத விலையுயர்ந்த புதுச் சட்டையைவிட எவ்வளவோ மேல். அண்ணனுடைய பேன்டைப் போட்டுக்கொண்டு போவதிலும் தவறே இல்லை.

4. ஷூவைப் பழக்குங்கள்

புது ஷூ கட்டாயம் கடிக்கும். சில நாள் சாயங்காலம் வீட்டுக்குள்ளேயே சாக்ஸோடு போட்டு நடங்கள். பழைய ஷூ என்றால் பாலிஷ் போதும். பெண்கள் தட்டையான அல்லது குட்டை ஹீல் செருப்பு போடலாம்.

5. முந்தைய நாள்

துணியை இஸ்திரி போட்டு ஹேங்கரில் மாட்டுங்கள். ரயிலில் போகிறவர்கள் அந்த உடையிலேயே தூங்கிப் போகாமல், இறங்கியபின் மாற்றிக்கொள்ள நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பையில் கைக்குட்டை, சீப்பு, இரண்டு ஊக்கு போதும். சென்ட் வேண்டாம், மூடிய ஏசி அறையில் அது தலைவலி.

ஆன்லைன் நேர்முகம் என்றாலும் பேன்ட் வரை முழுதாகவே உடுத்துங்கள். நெருக்கமான மெல்லிய கோடு போட்ட சட்டை கேமராவில் மினுங்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒரே வாரத்தில் இரண்டு இன்டர்வியூ இருந்தால் சட்டை மட்டும் இன்னொன்று எடுத்து வையுங்கள். பேன்ட், பெல்ட், ஷூவெல்லாம் அதுவே போதும்.