வீட்டில் இத்தாலிய எஸ்பிரஸோ: கொட்டை வாங்குவதிலிருந்து கோப்பை வரை

எஸ்பிரஸோ மெஷின் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது, "காப்பிக் கொட்டை அரைக்கும் கிரைண்டருக்கு எவ்வளவு ஒதுக்கி வச்சிருக்கீங்க?" என்பதுதான். இருக்கிற பணம் முழுவதையும் மெஷினில் போட்டுவிட்டு, அரைத்த பொடியைப் பாக்கெட்டில் வாங்கிவந்து, காப்பி தண்ணியாக இறங்குகிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய. சிங்கப்பூர் யீஷூனில் என் நாலறை வீட்டுச் சமையலறையில் இருப்பது சாதாரண மெஷின்தான். கூடவே எஸ்பிரஸோவுக்கு ஏற்ற மாதிரி நைசாக அரைக்கும் ஒரு கை கிரைண்டர், வறுத்து ஆறு வாரம் தாண்டாத கொட்டை. காப்பி அருமையாக வருகிறது.

முதலில் எதைப் போடப் போகிறோம் என்று தெளிவாகிவிட வேண்டும். நைசாக அரைத்த பொடி வழியாக வெந்நீரை அழுத்தத்தோடு செலுத்தி இறக்கும் கெட்டிக் காப்பிதான் எஸ்பிரஸோ. இத்தாலியில் 1998இல் தொடங்கிய தேசிய எஸ்பிரஸோ நிறுவனம் ஓர் அளவு வகுத்திருக்கிறது. 7 கிராம் பொடி, 9 பார் அழுத்தம், 88 டிகிரி வெந்நீர், சுமார் 25 விநாடி. கோப்பையில் இறங்குவது நுரையோடு சேர்த்து 25 மில்லி. அவ்வளவுதான். இப்போதைய புது ரக கஃபேக்களில் 18 கிராம், 20 கிராம் போட்டு, லேசாக வறுத்த கொட்டையில் எலுமிச்சைப் புளிப்போடு தருவது வேறு வகை. அதுவும் நல்ல காப்பிதான், ஆனால் ரோமில் கவுண்டரில் நின்று குடிக்கும் காப்பி அது இல்லை. அடுப்பில் வைக்கும் மோக்கா பாத்திரத்தில் வருவதும் எஸ்பிரஸோ ஆகாது. அதில் அழுத்தம் இரண்டு பாரைக்கூடத் தொடுவது அரிது.

சரி, கொட்டை. கடையில் கிடைப்பது பெரும்பாலும் அரபிகா, ரொபஸ்டா என்ற இரண்டு வகை. அரபிகா மட்டும்தான் உயர்ந்தது, ரொபஸ்டா மட்டம் என்று பலர் நம்புகிறார்கள். இந்த காப்பிக்கு அது பொருந்தாது. இத்தாலியில், அதிலும் நேப்பிள்ஸ் பக்கம், ரொபஸ்டா கலந்து ஆழமாக வறுப்பதுதான் மரபு. மேலே நிற்கும் கிரீமா என்ற நுரை கெட்டியாக வருவதும், நாக்கில் கனமாக உட்காருவதும் ரொபஸ்டாவால்தான். நம் குடகு, வயநாட்டு ரொபஸ்டா அங்கே நன்றாகப் போகிறது. இந்தியக் காப்பியை அதிகம் வாங்கும் நாடுகளில் முன்னணியில் இருப்பது இத்தாலி. எனக்குப் பிடித்தது பத்தில் மூன்று பங்கு ரொபஸ்டா.

இங்கே வாங்க இரண்டு வழி. சூப்பர்மார்க்கெட்டில் இத்தாலியப் பாக்கெட்டுகள் கிடைக்கும். லவாஸ்ஸா ரோஸ்ஸாவில் ரொபஸ்டா உண்டு. இல்லி முழுக்க அரபிகா, மென்மையாக இருக்கும். இவற்றில் பெரும்பாலும் வறுத்த தேதி இருக்காது, காலாவதித் தேதிதான். அது எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு நல்லது. அலமாரியில் பின்வரிசையிலிருந்து எடுங்கள். இன்னொரு வழி, சிங்கப்பூரிலேயே வறுத்து விற்கும் சிறு கடைகள். நான் இதைத்தான் சொல்வேன். அங்கே கேட்க வேண்டியவை இரண்டே: என்றைக்கு வறுத்தது, ரொபஸ்டா எவ்வளவு கலந்திருக்கிறது. வறுத்து ஒரு வாரமாவது ஆகியிருக்கட்டும். அதற்கு முன் உள்ளே வாயு நிறைய இருக்கும், நுரை மட்டும் பொங்கும். ஆறு வாரம் தாண்டினால் மணம் குறைந்துவிடும்.

தேக்காவில் வாங்கும் ஃபில்டர் காப்பிப் பொடியை இதில் போடாதீர்கள். சிக்கரி ஈரம் பட்டதும் குழைந்து, மெஷினில் பொடி போடும் சல்லடைக் கூடையை அடைத்துவிடும். கோப்பிக்கடைக் கொட்டையும் வேண்டாம். சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது, கிரைண்டரில் ஒட்டிக்கொள்ளும்.

நம் ஊர்ப் புழுக்கம் கொட்டைக்கு எதிரி. 250 கிராமுக்கு மேல் வாங்குவதே இல்லை. ஒரு வாரத்துக்கு வேண்டியதைக் காற்றுப் புகாத டப்பாவில் வெளியே வைத்துவிட்டு, மீதியைச் சிறு பொட்டலங்களாக ஃப்ரீசரில் போடுகிறேன். எடுத்ததும் பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரியுங்கள், இல்லாவிட்டால் கொட்டை வியர்த்துவிடும்.

மெஷினைப் பற்றிச் சுருக்கமாக: பெட்டியில் 15 பார் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், தேவை 9தான். அடியில் ஒரே ஒரு துளை உள்ள கூடை வந்தால், முழுக்கத் துளைகள் உள்ள சாதாரணக் கூடையைத் தனியாக வாங்கிப் போடுங்கள். ஒற்றைத் துளைக் கூடை காட்டும் நுரை பொய் நுரை.

இனி போடுவது. கூடை உட்காரும் கைப்பிடியை மாட்டியபடியே மெஷினை 15 நிமிடம் சூடாக விடுங்கள். கோப்பையையும் வெந்நீர் ஊற்றிச் சுட வையுங்கள். 7 கிராம் கூடையில் சமமாகப் பரப்புவது கஷ்டம், அதனால் இரட்டைக் கூடையில் 14 கிராம் போட்டு இரண்டு கோப்பையாக எடுப்பதே வீட்டுக்குச் சரி. கூடையை ஈரமில்லாமல் துடைத்து, பொடியைக் கொட்டி, கட்டிகளை ஊசியால் கலைத்து, டாம்பரை, அதாவது பொடியை அமுக்கும் கட்டையை, நேராக வைத்து அழுத்துங்கள். பலத்தைவிட முக்கியம் சாயாமல் அழுத்துவது.

பொத்தானைத் தட்டியதும் சில விநாடி ஒன்றும் வராது. அப்புறம் கறுப்பாக ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, பிறகு இரண்டு மூக்கிலிருந்தும் எலிவால் மாதிரி மெல்லிய, லேசாக வளைந்த ஒழுக்கு. நிறம் கறுப்பிலிருந்து செம்பழுப்புக்கு மாறி, வெளிறத் தொடங்கும்போது நிறுத்துங்கள். தட்டியதிலிருந்து 25 விநாடி வாக்கில் ஒவ்வொரு கோப்பையிலும் 25 மில்லி நிற்க வேண்டும். 15 விநாடியிலேயே கொட்டிவிட்டதா, நுரை வெளுத்து, வாயில் புளிக்கிறதா? இன்னும் நைசாக அரையுங்கள். 40 விநாடி சொட்டிக்கொண்டே இருந்து, கரித்துக் கசக்கிறதா? கொஞ்சம் கொரகொரப்பாக அரையுங்கள். பொடியின் எடையை மாற்றாமல் அரைவையை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்றே தெரியாது. புதுப் பொட்டலம் பிரிக்கும்போது அரைவையைத் திரும்பப் பார்க்கத்தான் வேண்டும்.

சர்க்கரை போடலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. இத்தாலியர்களே பலர் ஒரு கரண்டி போட்டுத்தான் குடிக்கிறார்கள். போடாவிட்டாலும் ஒருமுறை கலக்கிக் குடியுங்கள். அடியில் இருப்பது கெட்டி, மேலே இருப்பது லேசு.

குடித்து முடித்த கையோடு சக்கையைத் தட்டி, தண்ணீரைக் கொஞ்சம் ஓடவிட்டு, கூடையைக் கழுவித் துடைத்துவிடுங்கள். காப்பி எண்ணெய் படிந்து காய்ந்தால் சிக்கு வாடை அடிக்கும். அதன்பின் எவ்வளவு நல்ல கொட்டை போட்டாலும் வீண்.