பிஎச்.டி. கோர்ஸ் ஒர்க்: உயர்கல்வியை ஆராயப் போகிறவர்கள் பேப்பரை எப்படித் தேர்ந்தெடுப்பது

பதிவு ஆணை கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, கோர்ஸ் ஒர்க்கை, அதாவது ஆய்வுக்கு முன் படித்துத் தேற வேண்டிய பாடங்களை (பேப்பர்களை), எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்பதுதான். நானும் கேட்டேன். ஒரே மூச்சில் பரீட்சை எழுதி, மார்க் ஷீட்டை வாங்கி ஃபைலில் போட்டுவிட்டு ஆய்வைத் தொடங்கினால், படித்ததில் பாதி என் தலைப்புப் பக்கமே வரவில்லை. புள்ளியியல் வகுப்பு எல்லாத் துறைக்கும் பொதுவாக நடந்தது. உதாரணமெல்லாம் நெல் வயலில் எந்த உரம் போட்டால் எவ்வளவு விளையும் என்பதுதான். உரத்தில் எனக்கு நல்ல தேர்ச்சி. கல்லூரி மாணவர்களைப் பற்றிய தரவை எப்படிக் கையாள்வது என்பதை மட்டும் பிறகு ஒன்றரை வருடம் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அதனால், உயர்கல்வியையே ஆய்வுப் பொருளாக வைத்துக்கொண்டு ஏதோ ஒரு கல்வியியல் துறையில் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால், நான் சொல்வது ஒன்றுதான்: ஆய்வேட்டிலிருந்து பின்னோக்கி வந்து பேப்பரைத் தேர்ந்தெடுங்கள். எந்த அத்தியாயத்துக்கு எது தெரிந்திருக்க வேண்டும், அது உங்களுக்குத் தெரியுமா, தெரியாவிட்டால் எந்தப் பேப்பரில் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு தாளில் மூன்று பத்தியாகக் கோடு போட்டு எழுதுங்கள். கைடை (ஆய்வு நெறியாளரை) பார்க்கப் போவது அதற்கு அப்புறம்.

முதலில் விதியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறைப்படி கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட் (பாட நேரத்தை அளக்கும் அலகு). ஆராய்ச்சி முறையியல் கட்டாயம், ஆராய்ச்சி மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள் என்ற 2 கிரெடிட் பேப்பரும் கட்டாயம். 55 சதவீதம் எடுக்காவிட்டால் மேலே தொடர முடியாது. கோர்ஸ் ஒர்க்கையும் சேர்த்துப் படிப்புக் காலம் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம். 2016 விதிமுறையில் கிரெடிட் 8 முதல் 16 வரை என்று இருந்தது, எனவே சீனியர் சொல்லும் பழைய கணக்கை நம்பித் திட்டம் போடாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகம் இதற்கு மேல் தனியாக விதி வைத்திருக்கும், அந்தக் கையேட்டையும் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

கட்டாயப் பேப்பர்கள் போக மிச்சம் இருக்கும் கிரெடிட்தான் உங்கள் கையில் இருப்பது. அதை யார் முடிவு செய்வது? விதியில் ஆய்வு ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கிறது, பல இடங்களில் டாக்டோரல் கமிட்டி, டி.சி. என்பார்கள். மாணவர் எந்தப் பேப்பர் படிக்க வேண்டும் என்று அடையாளம் காட்டுவதும் அந்தக் குழுவின் வேலைதான். நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், கைடு ஏற்கனவே இருக்கும் பட்டியலில் இரண்டைக் காட்டுவார், குழு கையெழுத்துப் போடும். நீங்கள் ஒரு பக்கத்தில் காரணத்தோடு எழுதிக்கொண்டு போனால் பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். எழுதிக்கொண்டு போகிறவர்கள்தான் குறைவு.

பல பல்கலைக்கழகங்களில் ஒரு பேப்பர் ஆய்வாளரின் தலைப்பையொட்டி இருக்கும், அதற்குப் பாடத்திட்டத்தைக் கைடே தயாரித்துக் குழுவிடம் ஒப்புதல் வாங்குவார். கோர்ஸ் ஒர்க்கிலேயே உருப்படியான இடம் இதுதான், அதிகம் வீணாவதும் இதுதான். முந்தைய மாணவருக்குப் போட்ட ஐந்து யூனிட்டையே பெயர் மாற்றி உங்களுக்கும் கொடுத்துவிடுவார்கள். அதுவும் கல்வியியல் துறைகளில் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தைச் சுற்றியே பாடம் இருக்கும்: கற்றல் கோட்பாடு, ஆசிரியர் பயிற்சி, கலைத்திட்டம். கல்லூரி எப்படி நடக்கிறது, யார் பணம் போடுகிறார்கள், யார் உள்ளே வருகிறார்கள், யார் பாதியில் போகிறார்கள் என்பதெல்லாம் அதில் வராது. எனவே வரைவை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்.

ஒரு தலைப்பை எடுத்துப் பார்க்கலாம். அரசு கலைக் கல்லூரிகளில் முதல் தலைமுறை மாணவர்கள் முதல் வருடத்திலேயே ஏன் படிப்பை விட்டுவிடுகிறார்கள் என்பது உங்கள் கேள்வி என்று வைத்துக்கொள்வோம். முதல் யூனிட்டில் வரலாறு: 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம், பிறகு சுதந்திர இந்தியாவின் கல்வியை ஆராய்ந்த ராதாகிருஷ்ணன் குழு (1948-49), கோத்தாரி குழு (1964-66), ஏ. லட்சுமணசாமி முதலியார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 வருடம் துணைவேந்தராக இருந்த காலம் என்று இதை ஒரே யூனிட்டுக்குள் அடக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் இதுவே முழுப் பேப்பரையும் தின்றுவிடும். இரண்டாவதில் உயர்கல்வி விரிவடைவது பற்றிய கோட்பாடு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்ட்டின் ட்ரோ 1973-இல் சொன்னது இன்றைக்கும் எல்லோரும் தொடும் இடம்: குறிப்பிட்ட வயதினரில் 15 சதவீதத்துக்குக் கீழே சேர்ந்தால் அது மேட்டுக்குடிக் கல்வி, 50 வரை வெகுமக்கள் கல்வி, அதற்கு மேல் போனால் எல்லோருக்குமான கல்வி. மூன்றாவதில் இடைநிற்றல் (படிப்பைப் பாதியில் விடுவது) பற்றிய கோட்பாடுகள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வின்சென்ட் டின்டோவின் 1975 மாதிரியைப் படிக்காமல் யாரும் இந்தத் தலைப்பைத் தாண்ட முடியாது. ஆனால் அது மாணவர் கல்லூரி வளாகத்தோடு படிப்பிலும் பழக்கவழக்கத்திலும் எவ்வளவு ஒன்றுகிறார் என்பதை வைத்துக் கட்டியது. நம் ஊர்க் கல்லூரியில் காலை ஷிப்ட் முடிந்ததும் பையன் பஸ் பிடித்து ஜவுளிக்கடைக்கோ வொர்க் ஷாப்புக்கோ வேலைக்கு ஓடுகிறான். அவனை அந்த மாதிரியில் எங்கே வைப்பது? இந்தக் கேள்வியையே அசைன்மென்ட்டாகக் கேட்டு வாங்கி எழுதினால், உங்கள் இரண்டாம் அத்தியாயத்தின் முதுகெலும்பு அப்போதே தயார்.

நான்காவது யூனிட் கொள்கை: அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் (2022), மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் (2024), தேசியக் கல்விக் கொள்கை 2020. ஐந்தாவது தரவு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நல்ல மாணவர்களும் சறுக்குகிறார்கள்.

ஒன்றிய அரசின் ஐஷே (உயர்கல்விக்கான அகில இந்தியக் கணக்கெடுப்பு) 2010-11-இல் தொடங்கியது. 2019-20 அறிக்கையில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் (18 முதல் 23 வயதினர் நூறு பேருக்கு உயர்கல்வியில் எத்தனை மாணவர்கள் என்பது) 51.4 என்று இருக்கும், 2021-22 அறிக்கையில் 47.0. இரண்டையும் பக்கத்தில் வைத்து "தமிழகத்தில் உயர்கல்விச் சேர்க்கை சரிந்தது" என்று எழுதினால் தப்பு. 18 முதல் 23 வயது மக்கள்தொகை எவ்வளவு என்ற மதிப்பீட்டை இடையில் 2011 கணக்கெடுப்பின் அடிப்படைக்கு மாற்றினார்கள், வகுக்கும் எண் மாறிவிட்டது. இந்திய அளவில் அதே 2019-20-க்கு முதலில் 27.1 என்று வந்தது, திருத்திய கணக்கில் 25.6 ஆகிவிட்டது. இப்போது ட்ரோவின் 50 சதவீதக் கோட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு கணக்கில் தமிழ்நாடு கோட்டைத் தாண்டிவிட்டது, இன்னொரு கணக்கில் தாண்டவில்லை. மாணவர் எண்ணிக்கை குறைந்து நடந்த மாற்றமில்லை இது. தரவுப் பேப்பர் ஒன்றை ஒழுங்காகப் படித்திருந்தால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இந்தக் கேள்விக்கு முழிக்க வேண்டியிருக்காது.

முறையியலுக்கு வருவோம். பொது வகுப்பில் உரக் கதைதான் நடக்கும் என்றால், அதைப் பரீட்சைக்காகப் படியுங்கள், குறை சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். ஆனால் செய்முறை ரெக்கார்டுக்கு மட்டும் உங்கள் தலைப்புத் தரவையே பயன்படுத்த அனுமதி கேளுங்கள். நேர்காணல் முறையில் போகிறவர்கள் புள்ளியியலில் முழு நேரத்தையும் கொட்ட வேண்டாம், சமூகவியல் துறையில் பண்புசார் ஆய்வு முறைப் பேப்பர் இருந்தால் அங்கே போய் உட்காருங்கள். கிரெடிட்டாகச் சேர்க்கக் குழு ஒப்புக்கொண்டால் சந்தோஷம், ஒப்புக்கொள்ளாவிட்டாலும் சும்மா கேட்டுவிட்டு வரலாம்.

முறையியல் பேப்பர் நடக்கும்போதே, தரவு சேகரிக்கும் கேள்விப் படிவத்தை மொழிபெயர்த்துப் பழகிவிடுங்கள். ஆங்கிலத்தில் எடுத்த அளவுகோலைத் தமிழில் கொண்டுவந்து, வேறொருவரிடம் கொடுத்து அதை மறுபடி ஆங்கிலமாக்கிப் பார்க்கும் வேலை ஒரு வாரம் பிடிக்கும். "இடைநின்றதற்கான காரணங்கள் யாவை?" என்று அச்சடித்த தாளைக் கொடுத்தால் அந்தப் பிள்ளை தாளைப் பார்க்கும், உங்களைப் பார்க்கும். "காலேஜுக்குப் போறதை ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டால் அரை மணி நேரம் பேசும்.

ஆன்லைன் பேப்பர் எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். யு.ஜி.சி. அங்கீகரித்த ஆன்லைன் பேப்பரை ஆலோசனைக் குழு பரிந்துரைத்தால் கிரெடிட்டில் சேரும். ஒன்றிய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் ஜனவரி, ஜூலை என்று இரண்டு பருவம். வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் குழுக் கூட்டக் குறிப்பில் பேப்பரின் பெயரும் கிரெடிட்டும் ஏற வேண்டும், அப்புறம்தான் சேர்க்கை. இன்னொன்று, பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. வீடியோ எல்லாம் பார்த்து முடித்து, தேர்வுப் பதிவுத் தேதியை விட்டுவிட்டு நின்றவர்களை எனக்குத் தெரியும்.

பார்ட் டைமாகச் சேர்ந்தவர்கள் வேலை பார்க்கும் இடத்தில் வாங்கும் என்.ஓ.சி.யை (ஆட்சேபனை இல்லை என்ற சான்றிதழை) வரிவரியாகப் படியுங்கள். தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்கை முடிக்கப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்ற வாக்கியம் அதில் இருக்க வேண்டும், அது யு.ஜி.சி. விதியே கேட்பது. பல கல்லூரிகளில் "ஆட்சேபனை இல்லை" என்று இரண்டு வரி டைப் செய்து சீல் குத்திக் கொடுத்துவிடுவார்கள். பிறகு கான்டாக்ட் கிளாஸுக்கு லீவு கேட்கும்போது முதல்வர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். செமஸ்டர் தேர்வு, விடைத்தாள் திருத்தம் வரும் மாதங்களை முன்கூட்டியே காலண்டரில் அடித்துவிட்டு, அந்த மாதங்களில் எந்த அசைன்மென்ட்டும் விழாதபடி கைடிடம் பேசிக்கொள்ளுங்கள். ஃபுல் டைம் ஆட்களுக்கும் வாரம் 4 முதல் 6 மணி நேரம் டுடோரியல் எடுப்பது, லேப் நடத்துவது, மதிப்பிடுவது என்று வேலை கொடுக்க விதியில் இடம் உண்டு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நெறிமுறைப் பேப்பரை எல்லோரும் ஒப்புக்குப் படிக்கிறார்கள். 30 மணி நேரத்தில் 7 மணி நேரம் தரவுத்தளங்களும் ஆய்வு அளவீடுகளும் பற்றியது. அந்த வகுப்புக்குச் சொந்தத் தலைப்போடு போங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் உங்கள் தலைப்புச் சொற்களைப் போட்டுத் தேடி, கிடைத்த ஆய்வேடுகளின் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படித்து, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதி வையுங்கள். அடுத்த டி.சி.யில் "இதை ஏற்கனவே செய்துவிட்டார்களே" என்று யாராவது சொல்லும்போது, எந்த மாவட்டத்தில், எந்த வருடம், எத்தனை பேரை வைத்துச் செய்தார்கள் என்று நோட்டைத் திறந்து காட்டலாம்.