தலையாட்டி பொம்மை பறக்காது: விமான நிலைத்தன்மையைப் பற்றி நாம் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தெர்மாகோல் கிளைடர் செய்யச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு வாரம் ஒரு பையன் வித்தியாசமான கிளைடரோடு வந்து நின்றான். அதன் வயிற்றுக்குக் கீழே ஐஸ் குச்சி ஒன்றைச் செங்குத்தாக ஒட்டி, குச்சியின் நுனியில் களிமண் உருண்டை வைத்திருந்தான். "அடியில கனம் இருந்தா கவிழாதுல்ல சார், தலையாட்டி பொம்மை மாதிரி?" என்றான். வீசினோம். நாலடி போவதற்குள் இடப்பக்கம் சாய்ந்தது, சாய்ந்தபடியே சறுக்கித் தரையில் குத்தியது.

அவன் சொன்னதைத்தான் பெரியவர்களும் சொல்கிறார்கள். தஞ்சாவூர் பொம்மையின் அடி கனம், அதனால் எப்படித் தள்ளினாலும் நிமிரும், விமானமும் அதே மாதிரிதான் என்று. இது தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே முளைக்கின்றன என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பொம்மையை நிமிர்த்துவது அதன் கனம் மட்டுமல்ல, மேசையும்தான். பொம்மை சாயும்போது அதன் உருண்டை அடி மேசையைத் தொடும் இடம் பக்கவாட்டில் நகர்கிறது. கீழே இழுக்கும் எடையும் மேலே தாங்கும் மேசையும் ஒரே கோட்டில் இல்லாமல் போகின்றன. அந்த விலகல்தான் பொம்மையைத் திருப்பி நிறுத்துகிறது. வானத்தில் மேசை கிடையாது. எடை எப்போதும் ஈர்ப்பு மையத்தின் (விரலில் வைத்தால் சமமாக நிற்கும் புள்ளி) வழியாகவே இழுக்கும். அந்த மையத்தைச் சுற்றி அதனால் எதையும் திருப்ப முடியாது. இறக்கையின் தூக்குவிசையோ இறக்கைக்குச் செங்குத்தானது, விமானம் சாய்ந்தால் அதுவும் கூடவே சாயும். ஆக, சாய்ந்த விமானத்தை "நிமிர்" என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை, காற்று வந்து மோதும் விதம் மாறினால் ஒழிய.

பெரிய மேதைகளும் இதில் தடுக்கியிருக்கிறார்கள். 1926 மார்ச் 16 அன்று அமெரிக்காவின் ஆபர்னில் ராபர்ட் கோடார்ட் ஏவிய முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டில் எஞ்சின் உச்சியில் இருந்தது, தொட்டிகள் கீழே தொங்கின. தொங்கும் கனம் ராக்கெட்டை நேராக வைத்திருக்கும் என்ற நம்பிக்கைதான் காரணம். அப்படி நடக்காது என்று தெரிந்ததும் பின்னால் வந்த ராக்கெட்டுகளில் எஞ்சினைக் கீழே கொண்டுபோனார்.

"அப்படியென்றால் இறக்கைக்குக் கீழே உடல் தொங்கும் மேல்-இறக்கை விமானங்கள் நிதானமாகப் பறப்பது ஏன்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. விமானம் பக்கவாட்டில் சறுக்கும்போது காற்று உடற்பகுதியில் மோதி, அதைச் சுற்றி மேலேறி, சறுக்கும் பக்கத்து இறக்கையைக் கீழிருந்து தள்ளுகிறது. அங்கேயும் வேலை செய்வது காற்றுதான்.

அடுத்தது ஈர்ப்பு மையம் எங்கே இருக்க வேண்டும் என்பது. பிள்ளைகள் எல்லோரும் முதல் தடவை இறக்கையின் நட்டநடுவில்தான் விரல் வைத்துத் தூக்கிப் பார்க்கிறார்கள். 10 சென்டிமீட்டர் அகல இறக்கையில் அது முன்விளிம்பிலிருந்து 5 சென்டிமீட்டர். அப்படிச் செய்த சாதாரண கிளைடர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்று, பின்பக்கமாகச் சரியும். சாதாரண நீள்செவ்வக இறக்கையும் வாலும் உள்ள கிளைடருக்கு முன்விளிம்பிலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே, அதாவது 2.5-இலிருந்து 3.3 சென்டிமீட்டருக்குள் வைத்துத் தொடங்குவது பாதுகாப்பு.

அது மட்டும் போதாது, வாலின் கோணமும் வேண்டும். வால் என்றால் பட்டத்தின் வால் மாதிரி பின்னால் இழுத்துப் பிடிக்கும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். விமானத்தின் கிடைவால் இன்னொரு சின்ன இறக்கை. அதை இறக்கையைவிடக் குறைந்த கோணத்தில் வைக்க வேண்டும், விஷயம் அங்கேதான் இருக்கிறது. இறக்கை காற்றை 4 பாகையில் சந்திக்கிறது, வால் 1 பாகையில் என்று வைத்துக்கொள்வோம். திடீரென ஒரு காற்று வந்து மூக்கை 2 பாகை தூக்குகிறது. இறக்கை இப்போது 6 பாகை, வால் 3 பாகை. தட்டையான தெர்மாகோல் தகட்டுக்கு இந்தச் சின்னக் கோணங்களில் தூக்குவிசை ஏறத்தாழ கோணத்துக்கு ஏற்ப ஏறும். இறக்கையின் விசை ஒன்றரை மடங்கு ஆனது, வாலின் விசையோ மூன்று மடங்கு! வால் ஜெயிக்கிறது, பின்பக்கம் எழும்புகிறது, மூக்கு தானாக இறங்கிப் பழைய இடத்துக்கு வருகிறது. இரண்டையும் ஒரே கோணத்தில் ஒட்டியிருந்தால் இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறும், திருப்பிக் கொண்டுவர ஆள் இருக்காது. இந்தக் கணக்கை முதல்முறை தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

வீட்டில் செய்யும்போது அதிகம் நடக்கும் இன்னொரு தவறு: கிளைடர் அலை அலையாக, ஏறி இறங்கிப் போகிறது, உடனே மூக்கில் இன்னும் கொஞ்சம் களிமண். இப்போது அது குத்தென்று இறங்கும். உடனே வாலின் பின்விளிம்பை மேலே மடிப்பார்கள். அலை முன்னைவிடப் பெரிதாகும். மறுபடி களிமண், மறுபடி மடிப்பு. கனமான மூக்கும் அதை ஈடுகட்ட மடித்த வாலும் சேர்ந்தால், வேகம் கூடும்போதெல்லாம் விமானம் வேகமாக மூக்கைத் தூக்கும், தூக்கியதும் வேகம் செத்து மறுபடி விழும். செய்ய வேண்டியது நேர்மாறானது. களிமண்ணைக் கொஞ்சம் கிள்ளி எடுங்கள், மடிப்பையும் குறையுங்கள். இந்த நீண்ட அலைப் பறப்புக்கு 1908-இலேயே லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 'ஃபூகாய்ட்' என்று பெயர் வைத்துவிட்டார். பழைய நிலைக்குத் திரும்ப முயல்வது ஒரு குணம், ஆட்டம் அடங்கி அங்கே நிற்பது வேறொரு குணம். முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாமல் போகலாம்.

பயணிகள் விமானத்தை முன்னாலிருந்து பார்த்தால் இறக்கைகள் லேசாக மேல்நோக்கி 'வி' போலத் தெரியும். அதற்குப் பாடப்புத்தகங்களில்கூட ஒரு தவறான விளக்கம் வரும்: சாய்ந்தால் தாழ்ந்த இறக்கை படுக்கையாகிறது, அதன் நிழல் பெரிதாகிறது, அதனால் அதிகம் தூக்குகிறது என்று. உண்மையில் இறக்கைக்குத் தரை எந்தப் பக்கம் என்றே தெரியாது. விமானம் சாய்ந்ததும் தாழ்ந்த பக்கமாகச் சறுக்கத் தொடங்குகிறது, சறுக்கலால் அந்தப் பக்கத்து இறக்கை காற்றைக் கூடுதல் கோணத்தில் சந்திக்கிறது, அதனால் எழும்புகிறது. சறுக்கல் இல்லையென்றால் நிமிர்த்தலும் இல்லை.

இதனால்தான், கையை விட்டால் விமானம் தானாக நேராகிவிடும் என்று நம்புவது ஆபத்து. சறுக்காமல் ஒழுங்காகத் திரும்பும் விமானம் சாய்ந்தபடியே இருக்கலாம், பல விமானங்களில் சாய்வு மெல்ல மெல்லக் கூடவும் செய்யும். மேகத்துக்குள் அடிவானம் தெரியாதபோது உடம்புக்கு அது உறைக்காது. கருவியைப் பார்க்காமல் உணர்வை நம்பிய விமானிகள் இப்படிச் சுழலில் இறங்கி உயிரிழந்திருக்கிறார்கள்.

சரி, நிலைத்தன்மை கூடக் கூட நல்லதுதானே? இல்லை. தன் நிலையை விடாமல் பிடித்துக்கொள்ளும் விமானம் விமானியின் சொல்லையும் கேட்காது. இந்திய விமானப்படையின் ஐஎல்-76, சி-17 சரக்கு விமானங்கள் இரண்டிலும் மேல்-இறக்கைகள் கீழ்நோக்கிச் சரிந்திருப்பதைப் பாருங்கள், மிஞ்சிப்போன நிமிர்த்தும் குணத்தைக் குறைக்கத்தான் அது. 1903 டிசம்பர் 17 அன்று 59 விநாடி பறந்த ரைட் சகோதரர்களின் விமானம் மூக்கின் ஏற்ற இறக்கத்தில் நிலையற்றது. ஓயாமல் கையால் சரிசெய்துதான் ஓட்டினார்கள். 2001 ஜனவரி 4 அன்று பெங்களூருவில் முதலில் பறந்த தேஜஸ் போர் விமானமும் வேண்டுமென்றே நிலைத்தன்மையைத் தளர்த்தி வடிவமைத்ததுதான். ரைட் சகோதரர்களின் கை செய்ததை அதில் கணினி செய்கிறது.

2013-இல் ஆப்கானிஸ்தானின் பாக்ராமில் புறப்பட்டதும் விழுந்த 747 சரக்கு விமானத்தின் வீடியோவைப் பகிரும் பலர், சரக்கு பின்னால் நகர்ந்து ஈர்ப்பு மையம் மாறியதால் விழுந்தது என்று எழுதுகிறார்கள். விசாரணையில் தெரிந்தது வேறு. கட்டு விடுபட்ட கவச வாகனம் பின்சுவரை உடைத்து, ஹைட்ராலிக் குழாய்களையும் கிடைவாலை நகர்த்தும் பொறியையும் சேதப்படுத்தியது. ஏழு பேரின் உயிரைப் பறித்தது விமானத்தை இயக்க முடியாமல் போனதுதான்.

கிளைடர் செய்து பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். மெதுவாக வீசி நேராகப் போகும்படி சரிசெய்த பிறகு, அதையே உயரத்திலிருந்து சுமார் 30 பாகை கீழ்நோக்கி வேகமாக வீசுங்கள். வெடுக்கென்று மேலே வளைந்தால் மூக்கில் கனம் அதிகம். இன்னும் கீழே மடங்கினால் வால் பக்கம் கனம் அதிகம். கொஞ்ச தூரம் அதே கோட்டில் போய், மெல்ல மூக்கைத் தூக்கினால் அந்தக் களிமண்ணை அப்படியே காயவிடுங்கள்.