ப்ளோசார்ட்டா, எழுதிய செய்முறையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ராணிப்பேட்டையில் ஒரு டேனரிக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், தோல் பதனிடும் வேலை முழுவதையும் ஒரே ப்ளோசார்ட்டாக, அதாவது பெட்டியும் அம்புக்குறியுமான படமாக, வரைந்து காட்டினார். பார்த்ததும் வயிறு கலங்கியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படியேதான் வரைந்தேன். எழுத்துப்பிழை, பழைய தாள் சுவரில் தொங்குவது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை தானாகத் திருந்தும்.

அளவும் நேரமும் உள்ள வேலையைப் பெட்டிக்குள் அடைப்பது

தோலைப் பதப்படுத்தும் குரோம் உப்பு தோலுக்குள் ஊறியபின் சோடா பைகார்பனேட் சேர்த்து, தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மில் பிஎச் (அமில-கார) அளவை 3-க்கு அருகிலிருந்து 4-க்கு அருகில் கொண்டுவர வேண்டும். சோடாவை நிறைய தண்ணீரில் கரைத்து, மூன்று நான்கு தவணையாக, இடைவெளி விட்டு ஊற்றணும். நான் வரைந்த படத்தில் 'குரோம்' ஒரு பெட்டி, அம்புக்குறி, 'சோடா' ஒரு பெட்டி. அவ்வளவுதான்.

ஒரு நாள் இரவு ஷிப்டில் டிரம்முக்குப் புதிய ஆள். படத்தைப் பார்த்தார், கரைத்து வைத்திருந்த வாளி முழுவதையும் ஒரே மூச்சில் ஊற்றிவிட்டார். காலையில் தோலை எடுத்துக் கட்டைவிரலால் தடவினேன். வழவழவென்று இருக்க வேண்டிய ஆட்டுத்தோல் மணல் மாதிரி நெருடியது. திட்டுத் திட்டாக நிறம். பிஎச் சட்டென்று ஏறினால் குரோம் உள்ளே போகாமல் மேலேயே படிந்துவிடும். படிந்ததை எடுப்பது லேசில்லை. ஒரு டிரம் சரக்கு முழுக்க கடைசித் தரத்துக்குப் போனது.

திட்டு வாங்கியவர் அந்த ஆள். அவர் மேல் தப்பே இல்லை, தாளில் இருந்ததைத்தான் செய்தார். இன்றைக்கும் யாராவது "அனுபவம் இருந்தால் தெரியுமே" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அனுபவம் உள்ளவர் தாளையே பார்ப்பதில்லை. தெரியாதவருக்காகத்தான் எழுதுகிறோம். எவ்வளவு, எத்தனை தடவை, எவ்வளவு நேரம் விட்டு, எப்போது நிறுத்துவது என்ற கேள்விகள் வந்துவிட்டால் வரிசை எண் போட்டு எழுதுங்கள். ஒரு எண்ணுக்கு ஒரு செயல்.

கிளை பிரியும் இடத்தைப் பத்தியாக எழுதுவது

இது நேர்மாறான தவறு. முடி நீக்கப் போட்ட சுண்ணாம்பைத் தோலிலிருந்து நீக்கும்போது தோலை ஓரத்தில் வெட்டி, வெட்டுமுகத்தில் நிறம் மாறிக் காரத்தைக் காட்டும் பினாப்தலீன் ஒரு சொட்டு விடுவார்கள். நிறமே வராவிட்டால் சுண்ணாம்பு போய்விட்டது, அடுத்த வேலைக்குப் போகலாம். இளஞ்சிவப்பாக மாறினால் உள்ளே இன்னும் இருக்கிறது, டிரம் ஓடணும். கனமான மாட்டுத்தோலில் நடுவே மெல்லிய கோடு மட்டும் நின்றால் அதற்கு வேறு முடிவு. இதைப் பத்தியாக எழுதினால் ஈரக் கையோடு நிற்பவர் மூன்று 'இருந்தால்'களுக்குள் தன் வரியைத் தேட வேண்டியிருக்கும். ஒரு சாய்சதுரம், மூன்று அம்புக்குறி போட்டால் கண் நேராக அங்கே போகும்.

படம் என்றால் எல்லோருக்கும் புரியும் என்று நம்புவது

சாய்சதுரம் என்றால் முடிவெடுக்கும் இடம் என்பது 1985-இல் வந்த ஐஎஸ்ஓ 5807 என்ற ப்ளோசார்ட் குறியீட்டுத் தரநிலை படித்தவருக்குத் தெரியும். டிரம் ஓட்டுபவருக்கு யார் சொன்னார்கள்? நம்ம பக்கத்தில் ஒரே ஷிப்டில் தமிழ், உருது, இந்தி மூன்றும் கேட்கும். பெட்டிக்குள் இருப்பதோ ஆங்கிலம். வரைந்ததை அவர் கையில் கொடுத்து, அவரையே விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

'ஐஎஸ்ஓ ஆடிட்டுக்கு ப்ளோசார்ட் வேண்டும்'

வேண்டாம். ஐஎஸ்ஓ 9001 என்ற தர மேலாண்மைத் தரநிலையின் 2015 பதிப்பு, ஆவணத்தின் வடிவத்தை உங்களிடமே விட்டிருக்கிறது.

இரண்டையும் ஒரே தாளில் திணிப்பது

பெட்டிக்குள் பத்து வரி எழுதினால் அது படமும் இல்லை, செய்முறையும் இல்லை. அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னேன். அவர் சோடாப் பெட்டியை அழிக்கவில்லை. உள்ளே 'கார்டு 4 பார்க்கவும்' என்று மட்டும் எழுதினார். அப்புறம் டிரம் ஓட்டும் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல அந்த நான்காவது கார்டில் செய்முறையை எழுத ஆரம்பித்தார்.