சாட்ஸ்வொர்த்தில் அமர்ந்து 'தி வயர்' பார்ப்பது எப்படி

போதைப்பொருள் கும்பல்களையும் காவல்துறையையும் பற்றிய 'தி வயர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை, கொலையாளி யார் என்ற கேள்வியோடு பார்க்க உட்கார்ந்தால் மூன்றாம் பகுதிக்குள் சலிப்புத் தட்டிவிடும். கொன்றவர் யாரென்று பெரும்பாலும் நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் ஒன்றும் நடக்காமல் போவது ஏன் என்பதே கதை.

2002 முதல் 2008 வரை ஐந்து பருவங்களாக ஒளிபரப்பான இந்த 60 பகுதிகளை, கதை நடக்கும் அமெரிக்க நகரான பால்டிமோரில் குற்றச்செய்தியாளராக இருந்த டேவிட் சைமன் உருவாக்கினார். காவல்துறையில் துப்பறிவாளராக இருந்து பின்னர் பள்ளி ஆசிரியரான எட் பர்ன்ஸ் அவரோடு சேர்ந்து எழுதினார். ஆங்கிலம் நமக்கு வீட்டுமொழி போன்றதே என்றாலும், அந்தத் தெருப்பேச்சு சாட்ஸ்வொர்த் இருக்கும் தென்னாப்பிரிக்க நகரான டர்பனின் காதுகளுக்குப் பிடிபடாது, திரையடி எழுத்துவரிகளை அணைக்காதீர்கள்.

அருகில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியிலும் யார் எந்தப் புள்ளிவிவரத்தைக் காப்பாற்றப் பாடுபடுகிறார் என்பதை மட்டும் குறித்து வாருங்கள். நான்காம் பருவத்தில், பலகையடித்து மூடிய பாழ்வீடுகளின் ஆணிகளைக் கண்டு, உள்ளே பிணங்கள் கிடப்பதைத் துப்பறிவாளர் ஃபிரீமன் உணர்கிறார். ஆனால் ஆண்டு முடிய சில வாரங்களே இருக்கும்போது அவற்றைத் திறந்தால் துப்புத் துலங்காத கொலைகளின் கணக்கு ஏறிவிடும் என்று அவருடைய சார்ஜென்ட் சீறுகிறார். அதே பருவத்தில், காவல்துறையை விட்டுக் கணித ஆசிரியராக வந்தவர், தேர்வு மதிப்பெண்ணை உயர்த்திக் காட்டும் பள்ளியின் வித்தையைத் தம் பழைய துறையிலேயே பார்த்திருப்பதை நினைவுகூர்கிறார். இவ்விரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதிப் பார்த்தபோதுதான் தொடர் எனக்குப் பிடிபட்டது.

துறைமுகத்தைப் பற்றிய இரண்டாம் பருவத்தைத் தாண்டிச் செல்லும்படி சிலர் சொல்வார்கள். துறைமுக நகரத்தவரான டர்பன்காரர்கள் அதைக் கேட்கக் கூடாது. கொள்கலனில் பதின்மூன்று பெண்கள் மூச்சுமுட்டி இறந்து கிடக்க, அந்த வழக்கு யார் தலையில் விழும் என்று துறைகள் ஒன்றன்மேல் ஒன்று தள்ளிவிடும் காட்சிகளை நிதானமாகப் பாருங்கள். (காவல் நிலையத்தில் புகார் எழுதிக்கொள்ள வைக்க அலைந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.)

ஆயினும், 'சுகர்ஸ்' என்ற ஹெராயின் கலந்த போதைப்பொருள் விற்கும் நம் தெருமுனையையும் பால்டிமோரையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். அந்நகரின் உழைப்பாளிகளை நொடியவைத்தது ஆலைகளும் துறைமுக வேலையும் தேய்ந்துபோனது. சாட்ஸ்வொர்த்தோ, குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தைக் காட்டி வேறிடங்களிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களைக் கொண்டு உருவான ஊர்.

ஐந்தாம் பருவம் சற்றுத் தளர்ந்தது, வேகமாகக் கடந்துவிடலாம். நோட்டை மட்டும் மூடவேண்டாம், ஏனெனில் அங்கே செய்தித்தாள் அலுவலகமும் ஒரு விருதைத் துரத்திக்கொண்டிருக்கிறது.