நனைக்காத துணியில் கத்தரி வைக்காதீர்கள்

மே மாத விடுமுறையில் எங்கள் தெருப் பெண்கள் நான்கு பேர் தையலும் குரோஷாவும் கற்றுக்கொள்ள வந்தார்கள். மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுத் திண்ணைதான் இடம். மதியச் சாப்பாடு முடிந்து வெயில் தணியும்வரை நான் என் வேலையைச் செய்துகொண்டிருப்பேன், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, கேட்டு, தாங்களும் செய்து பார்ப்பார்கள். நான் தொழிலுக்குத் தைப்பவள் இல்லை. 25 வருடமாக வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் ஆசைக்குத் தைக்கிறேன், பின்னுகிறேன், அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் ஒரு பெண் கடைப் பையைப் பிரித்து, மடிப்புக் கலையாத புதுக் காட்டன் துணியைத் தரையில் விரித்து, சாக்பீஸையும் எடுத்துவிட்டாள். "நனைச்சியா?" என்று கேட்டேன். "எதுக்குக்கா? சுருங்காதுன்னு கடையில சொன்னாங்களே" என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு காலத்தில் என் அம்மாவிடம் நான் சொன்ன பதில் அது, ஒரு வார்த்தை மாறவில்லை.

அளவைத் தப்பாக எடுப்பது, பாபினில் நூல் தீர்ந்தது தெரியாமல் மிதித்துக்கொண்டே போவது, இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிடுவது, இதையெல்லாம் நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு தடவை நடந்தால் அடுத்த தடவை கையே பார்த்துக்கொள்ளும். தைத்து, போட்டு, துவைத்த பிறகு தெரியவரும் தவறுகள்தான் பெரிய நஷ்டம், ஏனென்றால் அப்போது திருத்த ஒன்றும் மிச்சம் இருக்காது.

துணியை நனைக்காமல் வெட்டுவது

கிட்டத்தட்ட 20 வருடம் ஆகிறது. என் அண்ணி திருபுவனத்தில் ஒரு பட்டுச் சேலை எடுத்திருந்தார். சேலையோடு வந்த ரவிக்கைத் துணியை நான்தான் தைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். லைனிங்குக்கு அன்று சாயங்காலமே கடைத்தெருவில் நிறம் பார்த்து ஒரு மீட்டர் காட்டன் வாங்கி, வந்த வேகத்தில் வெட்டி, ராத்திரியே தைத்து முடித்தேன். கல்யாணம் இரண்டு நாளில் இருந்தது, நனைத்துக் காயவைக்க எங்கே நேரம் என்று நினைத்தேன். ரவிக்கை கச்சிதமாக உட்கார்ந்தது, பார்த்தவர்கள் எல்லாம் எந்தக் கடையில் தைத்தது என்று கேட்டார்கள். வைகாசி மாதக் கல்யாணம், மண்டபத்தில் வியர்வை சொட்டியது. வீட்டுக்கு வந்த பிறகு அண்ணி அதைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டார்.

காய்ந்ததும் பார்த்தால் வெளியே இருக்கும் பட்டு அப்படியே இருக்கிறது, உள்ளே இருக்கும் லைனிங் சுருங்கிவிட்டது. கழுத்து உள்பக்கமாக இழுத்துச் சுருண்டுவிட்டது. அக்குள் பக்கம் பட்டு உப்பிக்கொண்டு நின்றது. கீழ்ப்பட்டி மேலே ஏறிவிட்டது. பிரித்து வேறு லைனிங் வைக்கலாம் என்று பிரித்தேன். பட்டில் ஊசி போன ஓட்டை மூடாது, வரிசையாகப் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். உள்ளே துணியும் நான் நிறைய விட்டிருக்கவில்லை, ஓரத்தைக் கால் இன்ச்சுக்கு ஒட்ட வெட்டியிருந்தேன். அதே நிறத்தில், அதே கரையோடு ரவிக்கைத் துணி மட்டும் தனியாக எங்கே போய் வாங்குவது? அண்ணி இன்றைக்கும் அந்தச் சேலைக்கு வேறு ரவிக்கைதான் போடுகிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

60 ரூபாய் லைனிங் ஒரு பட்டு ரவிக்கையைத் தின்றுவிட்டது. நனைத்துக் காயவைக்க எனக்கு ஆகியிருக்கக்கூடிய நேரம் ஒரு பகல். இதனால்தான் இந்தத் தவறைப் பார்த்தால் இன்னும் எனக்குக் கோபம் வருகிறது.

துணி ஏன் சுருங்குகிறது என்று தெரிந்துகொண்டால் இதை மறக்கவே மாட்டீர்கள். நெசவுத் தெருக்களில் பாவு இழுத்துக் கட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நீளவாக்கில் போகும் பாவு நூல் தறியில் விறைப்பாக இழுபட்டே இருக்கிறது. கஞ்சி வேறு போட்டிருப்பதால் அந்த விறைப்பிலேயே நின்றுவிடுகிறது. முதல் தடவை தண்ணீர் பட்டதும் கஞ்சி கரைகிறது, இழுபட்ட நூல் தளர்கிறது, பருத்தி தண்ணீரைக் குடித்து ஊதுகிறது. குறுக்கே போகும் ஊடை நூல் பருத்துவிட்டால் அதைச் சுற்றி வளைந்து போக பாவு நூலுக்குக் கூடுதல் நீளம் வேண்டும், அந்த நீளத்தைத் துணியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பெரும்பாலான காட்டன் அகலத்தைவிட நீளத்தில் அதிகம் சுருங்குகிறது.

எவ்வளவு சுருங்கும்? சாதாரணக் காட்டன் 100க்கு 3 முதல் 5 வரை, தளர்வாக நெய்த மெல்லிய துணி 10 வரைகூடப் போகும். 5 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 15 இன்ச் உயர ரவிக்கையில் அது முக்கால் இன்ச். 36 இன்ச் பாவாடையில் கிட்டத்தட்ட 2 இன்ச், அதாவது கணுக்காலுக்கு வந்த பாவாடை அதற்கு மேலே ஏறி நிற்கும்.

சேலை ஃபால்ஸில் நடப்பது இன்னும் மோசம். ஃபால்ஸ் 3 மீட்டர் நீளம், அது 100க்கு 4 சுருங்கினாலே 12 சென்டிமீட்டர். பட்டுச் சேலை அவ்வளவாகச் சுருங்காது, ஃபால்ஸ் சுருங்கும், அப்போது சேலையின் கீழ்க்கரை முழுக்கச் சுருக்குப்பை வாய் மாதிரி இழுத்துக்கொள்ளும். இஸ்திரி போட்டால் சரியாகிவிடும் என்று போட்டுப் போட்டுப் பார்ப்பார்கள், சரியாகாது. ஃபால்ஸைப் பிரித்துத் திரும்ப வைக்க வேண்டியதுதான்.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. சுருங்காதபடி ஆலையிலேயே பதப்படுத்திய துணி உண்டு. சான்ஃபோர்டு க்ளூயட் என்ற அமெரிக்கர் 1930-ல் காப்புரிமை வாங்கிய முறை அது, அவர் பெயரால் சான்ஃபரைஸ்டு என்கிறார்கள். துணியை ஈரமாக்கி, இயந்திரத்திலேயே அமுக்கிச் சுருங்க வைத்து அனுப்புகிறார்கள். கரையில் அப்படி அச்சடித்திருந்தால் நம்பலாம். ரோலிலிருந்து கிழித்துக் கொடுக்கும் லைனிங்கிலும் கைத்தறித் துணியிலும் அதை எதிர்பார்க்காதீர்கள்.

சரி, எப்படி நனைப்பது? வாளியில் துணி முழுக்க மூழ்கும்படி போட்டு, காற்றுக் குமிழி போகும்வரை அமுக்கி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். பிழியாதீர்கள், முறுக்கிப் பிழிந்தால் பாவும் ஊடையும் கோணிக்கொள்ளும். தண்ணீரை வடியவிட்டு, இரண்டு கரையும் சமமாக இருக்கும்படி கொடியில் விரியுங்கள். லேசாக ஈரம் இருக்கும்போதே நீளவாக்கில் இஸ்திரி போடுங்கள், குறுக்கே இழுக்கக் கூடாது. பிறகு ஓரத்தில் ஒரு ஊடை நூலை உருவி, அந்தத் தடத்தில் வெட்டி நேராக்கிக்கொள்ளுங்கள். பின்னால் அந்த உடுப்பை எந்தத் தண்ணீரில் துவைக்கப் போகிறீர்களோ அதே தண்ணீரில் நனைப்பது முக்கியம். வாஷிங் மெஷினில் வெந்நீரில் போடப்போகும் துணியைப் பச்சைத் தண்ணீரில் நனைத்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்பீர்கள்.

லைனிங், ஃபால்ஸ், காட்டன் பைப்பிங் துணி, கழுத்துக்கு வைக்கும் கேன்வாஸ், பாவாடை நாடா வரைக்கும் நனைக்க வேண்டும். ஜரிகை போட்ட பட்டுத் துணியை நனைக்காதீர்கள், பாலியஸ்டருக்குத் தேவையில்லை. மிச்சம் விழுந்த துண்டுத் துணிகளை ஒட்டிப் போர்வையோ திண்டு உறையோ தைப்பவர்கள் ஒவ்வொரு துண்டையும் நனைத்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு சுருங்கும். எங்கள் பக்கத்தில் தேரில் தொங்கவிடும் தொம்பை என்ற உருளைத் துணி அலங்காரத்தைத் தைப்பவர்களும் பல நிறத் துணியை வெட்டி ஒட்டித்தான் தைக்கிறார்கள். தொம்பையை வாராவாரம் அலசுவதில்லை, திண்டு உறையை அலசுவோம்.

இன்னொன்று. கல் உப்பு போட்டு நனைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். சாயம் ஏற்றும்போதுதான் உப்புக்கு வேலை, துணி சாயத்தை இழுத்துக்கொள்ள அது உதவும். கடையிலிருந்து வந்த துணியில் ஒட்டாமல் மிஞ்சியிருக்கும் சாயத்தை உப்பு பிடித்து நிறுத்தாது. சாயம் போகும் துணியைத் தண்ணீர் தெளிகிறவரை தனியாக அலசுங்கள், அதுதான் வழி.

அந்தப் பெண்ணின் துணியையும் நனைத்தோம். அதற்கு முன்னால் அவளையே அளக்கச் சொன்னேன், சரியாக 2 மீட்டர். மறுநாள் அளந்தால் 1 மீட்டர் 90. "பத்து சென்டிமீட்டர் எங்கக்கா போச்சு?" என்று இன்ச் டேப்பைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள்.

துணிக் கத்தரியால் காகிதம் வெட்டுவது

கூடாது.

கழுத்துப் பட்டியை நேராக வெட்டுவது

துணி மிச்சமாகும் என்று கரையோரமாக நேர்ப் பட்டி கிழித்து வட்டக் கழுத்துக்கு வைக்கிறார்கள். அது வளையாது, கழுத்து சுருக்கம் சுருக்கமாக நிற்கும். உரேப்பாக, அதாவது கரைக்கு 45 டிகிரி சாய்வில் வெட்டினால்தான் துணி இழுபட்டு வளைவோடு போகும். கையில் பிடித்து இழுத்துப் பாருங்கள், பாவு வாக்கில் விறைப்பாக இருக்கும், மூலைவாட்டில் கொடுக்கும். துணி போதவில்லை என்றால் இரண்டு மூன்று உரேப் துண்டை இணைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய்

எல்லா வீட்டிலும் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது அதுதான், அதனால் விட்டுவிடுகிறார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடும். பிறகு பிசுபிசுத்து, நூல் பஞ்சையும் தூசியையும் பிடித்துக்கொண்டு, சக்கரம் கனக்க ஆரம்பிக்கும். தையல் மெஷின் எண்ணெய் சின்னப் பாட்டிலாகக் கிடைக்கிறது. விட்ட பிறகு ஒரு வேண்டாத துணியில் நாலு வரிசை ஓட்டிவிட்டு அப்புறம் நல்ல துணியை வையுங்கள்.

உல்லன் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது

ஊஞ்சல் பலகைக்கு ஒரு விரிப்பு குரோஷாவில் போட்டேன். ஆறு உருண்டை வாங்கினேன், போதவில்லை, ஒரு மாதம் கழித்து அதே கடையில் அதே கம்பெனி, அதே நிற எண் பார்த்து இன்னும் நாலு வாங்கினேன். ராத்திரி லைட்டில் பின்னியபோது ஒன்றும் தெரியவில்லை. காலையில் வாசலில் விரித்தால் நடுவில் கோடு போட்ட மாதிரி நிறம் மாறுகிறது. நிற எண்ணுக்குப் பக்கத்தில் லாட் எண் என்று இன்னொன்று இருக்கும். ஒரே தொட்டியில் சாயம் ஏற்றிய நூலுக்குத்தான் ஒரே லாட் எண், அடுத்த தொட்டி கண்ணுக்குத் தெரியும் அளவு மாறிவிடும். எனவே மொத்தத்தையும் ஒரே தடவையில், லாட் எண் பார்த்து, ஓர் உருண்டை கூடவே வாங்குங்கள். வேறு லாட்தான் கிடைத்தது என்றால், பழைய நூலில் இரண்டு வரிசை, புதிய நூலில் இரண்டு வரிசை என்று கலந்து போடுங்கள், கோடு தெரியாது.

மாதிரி பின்னிப் பார்க்காமல் ஸ்வெட்டர் ஆரம்பிப்பது

நம் ஊர் வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்பார்கள். மார்கழிப் பனிக்குக் குழந்தைகளுக்கு வேண்டும், வெளியூரில் இருக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் வேண்டும். அளவுக் குறிப்பில் இன்ச்சுக்கு 5 கண்ணி, 24 இன்ச் மார்புக்கு 120 கண்ணி என்று இருக்கும். உங்கள் கை இறுக்கமான கை, இன்ச்சுக்கு 6 விழுகிறது என்றால் அதே 120 கண்ணி 20 இன்ச்தான் வரும், குழந்தையின் தலையே நுழையாது. எடுத்த நூலில், எடுத்த ஊசியில் 4 இன்ச் சதுரம் பின்னி, அலசிக் காயவைத்து, பிறகு எண்ணுங்கள். கண்ணி அதிகமாக இருந்தால் பெரிய ஊசி, குறைவாக இருந்தால் சின்ன ஊசி. கையை மாற்ற முயலாதீர்கள், நாலு வரிசையில் பழைய கைக்கே வந்துவிடும்.

குரோஷாவில் இதோடு ஒரு குழப்பம் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் சிங்கிள் குரோஷே என்பதை பிரிட்டனில் டபுள் குரோஷே என்கிறார்கள், அமெரிக்காவின் டபுள் அங்கே ட்ரெபிள். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளும் பெண்கள் ஒன்றைப் பார்த்து மற்றொன்றைப் போட்டுவிட்டு, உயரம் வரவில்லையே, நூல் தீர்ந்துவிட்டதே என்று அழுகிறார்கள். குறிப்பில் எங்கேயாவது சிங்கிள் குரோஷே என்று வந்தால் அது அமெரிக்க முறை என்று எடுத்துக்கொள்ளுங்கள், இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயர் கிடையாது.

அக்ரிலிக் பின்னல் மேல் இஸ்திரிப் பெட்டி

வைத்தால் நூல் தொய்ந்து தட்டையாகிவிடும், திரும்ப எழும்பாது.

ஐப்பசியில் நனைப்பது

நனைக்க வேண்டும் என்று இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்லியாக வேண்டும். தீபாவளித் துணியை எடுத்துக்கொண்டு எல்லோரும் மெஷினில் உட்காரும் நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை இங்கே பிடித்துக்கொள்ளும். காவிரித் துலாக்கட்டத்தில் முழுக்குப் போட வருகிறவர்களின் ஈரத் துணியே காயாத மாதம் அது. அப்போது நனைத்துப் போட்ட லைனிங் இரண்டு நாள் ஈரமாகக் கிடந்து வாடை அடித்து, கரும்புள்ளி விழும், அந்தப் புள்ளி போகாது. மழை வந்துவிட்டதே என்று நனைக்காமலே வெட்டுவதும் நடக்கிறது. நான் துணி எடுக்கும் வேலையை ஆவணியிலேயே ஆரம்பித்து, புரட்டாசி வெயில் இருக்கும்போதே லைனிங், ஃபால்ஸ், நாடா எல்லாவற்றையும் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டு அடுக்கிவிடுகிறேன். அடுக்கும்போது ஒவ்வொன்றின் மேலும் "நனைத்தது" என்று எழுதிய சின்னக் காகிதத்தைச் செருகிவைக்கிறேன், இல்லாவிட்டால் ஒரு மாதம் கழித்து எது நனைத்தது, எது நனைக்காதது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மறுபடி வாளியில் போட வேண்டிவரும்.